கிழக்கு கேலரி வெளியூர்க்காரர்களுக்கு

மைதானப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் மைதானத்திலேயே கிடந்த பிறகும், ஆஃப்சைடு என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நடுவரைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

திருத்தணியில் எங்கள் கிளப் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வந்தவன் நான். அப்போதிருந்த மைதானப் பொறுப்பாளர், தன் மகள் வீட்டோடு பெங்களூருக்குக் குடிபோனபோது, மைதானத்தின் சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வேறு யாரும் அதை எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து எல்லோரும் என்னைச் 'சாவி சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் நியமன உத்தரவு அவ்வளவுதான்.

என் சாதனைகளைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கிளப்பின் ஆண்டு மலர்களைப் புரட்டலாம். அவற்றில் பாதியை எழுதியவன் நானே என்பதால் குறை எதுவும் இருக்காது. இங்கே நான் சொல்ல வந்தது ஆண்டு மலரில் வராத ஒரு சாயங்காலத்தைப் பற்றி.

எங்கள் மைதானம் பழையது. மேற்கே கூரை போட்ட கேலரி, குழாய், கழிப்பறை, அலுவலக அறை. அது உள்ளூர்க்காரர்களுக்கு. கிழக்கே வெறும் கருங்கல் படிகள். ஒரு கோடியில் நாலு கால் வைத்த பெரிய தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிழக்குப் பக்கம் வராது, எல்லாம் மேற்குக்கே போகும். பின்னால் ஒற்றை இரும்புக் கதவு. முன்னால் ஆடுகளத்தைப் பிரிக்கும் கம்பி வேலி. கிழக்கு கேலரி வெளியூர்க்காரர்களுக்கு. நாலு மணி ஆட்டத்தில் மேற்கு வெயில் நேரே அவர்கள் முகத்தில் விழும். எதிரணி ஆதரவாளர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பது நமக்கு நல்லதுதானே என்று கமிட்டியில் ஒருவர் சொல்ல, சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த வருடம் சென்னையில் மூன்று நாள் கூட்டப் பாதுகாப்புப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். போகும்போதே எனக்கு அலட்சியம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் மலையேறுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவனுக்கு இவர்கள் என்ன கற்றுத்தந்துவிடப் போகிறார்கள் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடைசி நாள் ஒரு ஆரஞ்சு நிற மேலங்கி கொடுத்தார்கள். பயிற்சியில் எனக்குள் முழுமையாக இறங்கியது அந்த மேலங்கி மட்டும்தான். ஊர் திரும்பியதும் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் ஒன்று எழுதினேன். வெளியூர்க்காரர்களைப் பிரிப்பது எப்படி, சோதிப்பது எப்படி, உள்ளே வைப்பது எப்படி, வெளியேற்றுவது எப்படி என்று பக்கம் பக்கமாக இருந்தது. அவர்கள் எங்கே உட்காருவார்கள், என்ன குடிப்பார்கள் என்று ஒரு வரி கிடையாது. 'யாரும் எக்காரணம் கொண்டும் ஆடுகளத்துக்குள் நுழையக் கூடாது' என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

அதே வாரம் மைதானத்தை ஆய்வு செய்து பதிவேட்டில் எழுதினேன். 'முன்வேலி உறுதியாக உள்ளது' என்பது ஒன்று. இன்னொன்றையும் அப்படியே சொல்கிறேன்: 'கிழக்குத் தொட்டியின் அடியில் மலைத்தேனீ கட்டிய அடை உள்ளது. அது வெளியூர்ப் பகுதி என்பதால் நம் பார்வையாளர்களுக்குப் பாதிப்பில்லை.' கீழே கையெழுத்து, தேதி.

கோடைப் போட்டியின் அரையிறுதியில் எங்களுக்கு எதிராக வந்தது பக்கத்து நெசவாளர் ஊரான பொதட்டூர்பேட்டையின் அணி. போன வருடம் அவர்கள் எங்களைத் தோற்கடித்து, பேருந்து நிலையத்தில் கைகலப்பு வரை போயிருந்தது. அன்று அங்கே தறிக்கெல்லாம் லீவு விட்டுவிட்டு வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ஆண்கள் மட்டுமல்ல, பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள் என்று குடும்பம் குடும்பமாக.

கதவருகே நின்று ஒவ்வொருவரையும் நானே சோதித்தேன். பட்டாசு, தீப்பெட்டி எதுவும் உள்ளே போகவிடவில்லை. அப்போது வந்தவர்தான் சரோஜம்மா. ஐம்பது வயதிருக்கும். வீட்டில் நாலு தறி ஓட்டுகிறவர். கைத்தாங்கலாகத் தன் தகப்பனாரை அழைத்துக்கொண்டு வந்தார். பின்னால் நாலைந்து பேர் தோளில் ஒரு பெரிய துணிச்சுருள். அவர்கள் தறியிலேயே நெய்த, மஞ்சளும் பச்சையும் பட்டை போட்ட நீளத் துணி. கோல் போட்டால் கேலரி முழுக்கப் பிடித்து ஆட்டுவதற்காம்.

துணிக்கு அனுமதி இல்லை என்றேன். என் திட்டத்தில் துணியைப் பற்றி எதுவும் இல்லைதான். ஆனாலும் சொன்னேன்.

"இன்னா சார், துணிக்குக்கூடவா பயப்படுவீங்க?" என்றார்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மானம் போவதற்குள் உள்ளே விட்டேன். அடுத்து அவர் குடிதண்ணீர் எங்கே என்று கேட்டார். மேற்குப் பக்கம் இருக்கிறது, ஆட்டம் முடியும்வரை அங்கே வர அனுமதி இல்லை என்றேன். கழிப்பறை? அதுவும் மேற்கில்தான். அதற்கும் அனுமதி இல்லை.

"அப்போ ஆட்டம் முடியற வரைக்கும் எங்களுக்குத் தாகமும் எடுக்கக்கூடாது, ஒண்ணுக்கும் வரக்கூடாது. அப்டித்தானே சார்?"

ஒன்றரை மணி நேரம்தானே அம்மா, என்று நான் பதில் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் பேசியவற்றில் எதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், அதைத்தான் கேட்பேன்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கிழக்குக் கதவைப் பூட்டச் சொன்னேன். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து சண்டை போடக் கூடாது என்பது என் ஏற்பாடு. சாவியை வாயிற்காவலர் தணிகாசலத்திடம் கொடுத்து, யார் கேட்டாலும் திறக்காதே என்றேன். தணிகாசலம் நல்ல மனிதர். ஆனால் வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்காருவார்? பத்து நிமிடத்தில் சாவியோடு மேற்கு கேலரிக்கு வந்து ஆட்டம் பார்க்க ஆரம்பித்தார். நான் அவரைக் கண்டிக்கவில்லை. எப்படிக் கண்டிப்பேன், நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

இரண்டாம் பாதியில் எங்கள் அணி கோல் போட்டது. மேற்கு கேலரி எழுந்து ஆடியது. எங்கள் ஆதரவாளர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் பாபு. கே.ஜி.கண்டிகையிலிருந்து ஆட்டோ ஓட்டுகிறவர். தினமும் சாயங்காலம் என்னை வீட்டில் இறக்கிவிடுகிறவர் என்பதால் அவருடைய பையை மட்டும் நான் சோதிக்கவில்லை. அதிலிருந்து ஒரு ராக்கெட்டை எடுத்துக் கொளுத்தினார். அது ஆடுகளத்தைத் தாண்டிப் போய்த் தொட்டியின் அடியில் வெடித்தது. கைதட்டினோம்.

தொட்டியிலிருந்து கறுப்பாக ஏதோ பிரிந்து இறங்கியது. புகை என்று நினைத்தேன். பிறகு கிழக்கிலிருந்து வந்த சத்தம் மாறியது. கூட்டம் கத்துவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இது அந்தச் சத்தம் இல்லை.

இந்த இடத்தில் நான் கிழக்கு நோக்கி ஓடினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். என் கால்கள் அலுவலக அறைக்கு ஓடின. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மைக்கை எடுத்து, அன்பார்ந்த பார்வையாளர்களே, யாரும் பதற்றப்பட வேண்டாம், நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது என்று நல்ல தமிழில் அறிவித்தேன். எங்கள் ஒலிபெருக்கிகள் எல்லாம் மேற்கு கேலரியைப் பார்த்துக் கட்டப்பட்டவை. கிழக்கில் கொட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. மேற்கில் நிம்மதியாக இருந்தவர்கள், பதற்றப்பட ஏதோ இருக்கிறது போல என்று எழுந்துவிட்டார்கள்.

அந்நேரம் தணிகாசலம் கதவைத் தட்டினார். கிழக்குக் கதவுவரை ஓடிப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"சார், கேட்டாண்ட ஜனம் நசுங்குது. பூட்ட தொறந்துட்டேன். கதவு உள்பக்கமா தானே தொறக்குது, நகரவே மாட்டேங்குது."

அப்போதுதான் வெளியே வந்தேன். ஆடுகளத்தின் குறுக்கே ஓடினேன். எதிரே ஆட்டக்காரர்கள் சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு சிதறிக்கொண்டிருந்தார்கள். வேலியருகே போய்ப் பார்த்தால், உள்ளே பாதிக் கூட்டத்துக்குமேல் கதவுப் பக்கம் திரும்பி, ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கதவோடு ஒட்டி நின்றவர்கள் தெரியவில்லை, மேலே தூக்கிய சில கைகள் மட்டும் தெரிந்தன.

படிகளின் நடுவில் சரோஜம்மா. அந்த நீளத் துணியைப் பிரித்து, பெண்களையும் குழந்தைகளையும் அடியில் உட்காரவைத்து, மேலே இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் துணிக்கு வெளியே. தேனீக்கள் அவர் முகத்தில் மொய்த்தன.

கதவோடு ஒட்டி முன்னால் நிற்பவர்களைப் பின்னால் போகச் சொல்லிப் பயனில்லை, அவர்கள் போக முடிந்தால் போயிருப்பார்கள். பின்னால் நிற்பவர்களுக்குப் போக ஒரு இடம் வேண்டும். அவர்கள் நகர்ந்தால்தான் கதவு திறக்கும். இதைப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், நான் கடைசி வரிசையில் இருந்தேன். இருக்கிற ஒரே இடம் ஆடுகளம். நான் தடித்த எழுத்தில் போட்ட வரி கண்முன் வந்தது. வந்தது மட்டுமல்ல, ஒரு நொடி அதற்குக் கட்டுப்பட்டு நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நொடிக்கு விலை கொடுத்தவர்கள் உள்ளே இருந்தவர்கள்.

வேலியில் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சருக்கு என்று ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் பூட்டில் கொத்திலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதோ நாலாவதோ போடும்போது, பொதட்டூர்பேட்டையின் கோல்கீப்பர் என்னை ஓரமாகத் தள்ளினார். எங்கள் அணி ஆள் ஒருவரும் அவரோடு சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் தோள் கொடுத்து ஒரு முட்டு முட்டினார்கள். 'உறுதியாக உள்ளது' என்று நான் கையெழுத்துப் போட்ட வேலி, அடிக்கம்பம் துருப்பிடித்துப் போயிருந்ததால், மூன்று கம்பங்களோடு அப்படியே படுத்துவிட்டது. என் ஆய்வின் லட்சணம் ஒருமுறையாவது யாருக்காவது உதவியதென்றால் அன்றுதான்.

ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் கதவில். நான் கத்தினேன், தொண்டை கட்டியது. பார்த்தவர் சரோஜம்மா ஒருவர்தான். அவர் ஒரு முறை கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வேலியை நோக்கி இறங்கத் தொடங்கினார்.

"துணிய புடிச்சிகினு வாங்க. ஓடாதீங்க. புடிச்சிகினு வாங்க."

துணி நகர்ந்தது. அடியில் இருந்தவர்களும் நகர்ந்தார்கள். அவ்வளவு பெரிய மஞ்சள் பச்சைத் துணி எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் திரும்பினார்கள். பின்வரிசை கலைந்து துணியின் பின்னால் வந்தது. சற்று நேரத்தில் கதவு அசைந்தது. திரும்பவும் கதவுக்கு ஓடியிருந்த தணிகாசலம் உள்ளே நுழைந்து, கீழே விழுந்து கிடந்த ஒரு பெரியவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சரோஜம்மாவின் தகப்பனார்.

இதற்குள், ஆடுகளத்தில் வெளியூர்க்காரர்கள் இறங்குவதைப் பார்த்த எங்கள் ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்து மேற்குத் தடுப்பைத் தாண்டி வந்தார்கள். முன்னால் பாபு. நான் அவருக்குக் குறுக்கே நின்றேன். மேலங்கி போட்டிருந்தேன் என்பதே அப்போதுதான் நினைவு வந்தது.

"தேனீ, பாபு. நம்ம ராக்கெட்தான்" என்றேன்.

பாபு ஓங்கிய கையைக் கீழே போட்டார். முகம் வீங்கிய குழந்தைகளைப் பார்த்தார். திரும்பி ஓடினார். ஐந்து நிமிடத்தில் பத்துப் பதினைந்து ஆட்டோக்கள் ஆடுகளத்துக்குள்ளேயே வந்து நின்றன. முதல் வண்டியில் அந்தப் பெரியவர். ஓட்டியவர் பாபு.

உயிர்ச்சேதம் இல்லை. பெரியவருக்கு விலா எலும்பு இரண்டு முறிந்து, திருத்தணி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கொட்டு வாங்கியவர்கள் ஏராளம். எனக்கு என்ன தண்டனை என்கிறீர்களா? கமிட்டி கூடி, சமயோசிதமாக வேலியைச் சாய்த்துக் கூட்டத்தைக் காப்பாற்றியதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தியது. சாய்ந்த வேலிக்குப் பக்கத்தில் நான் நிற்கும் படம் எல்லோர் கைபேசியிலும் சுற்றியது. போர்த்தும்போது வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், நன்றி என்று வந்துவிட்டது.

மறுநாள் காலை பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். சரோஜம்மா ஒரு கண் மூடியபடி தறியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தி, காபி வைக்கச் சொன்னார். அவர் அப்பாவைப் பற்றி விசாரித்தேன். மூச்சு விட்டால் வலிக்கிறது, மற்றபடி பரவாயில்லை என்றார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். உங்கள் அப்பா கதவருகே இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று.

"தெரியும் சார். நைனாவ நெழலாண்ட ஒக்கார வெச்சதே நான்தான்" என்றார். தறியில் அறுந்திருந்த ஓர் இழையை முடிந்தார். "அங்க போயிருந்தா நானும் தள்ளிகினு தானே நின்னிருப்பேன்."

காபியை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க அந்தப் பக்கம் ஒரு நாளாவது ஒக்காந்து ஆட்டம் பாத்துக்கிறீங்களா சார்?"

இல்லை என்றேன். இத்தனை வருடத்தில் இல்லை.

தகப்பனாருக்கு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு நாள் சரோஜம்மா மூன்று மணி வெயிலில் நேரே மைதானத்துக்கு வந்துவிட்டார். ஆட்டம் எதுவும் இல்லை. கிழக்கு கேலரியைத் திறக்கச் சொன்னார். இரண்டு பேரும் நடுப்படியில் உட்கார்ந்தோம். அவர் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். நான் மேலங்கியோடு. கருங்கல் வேட்டியைத் தாண்டிச் சுட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கால் மணி நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து நடந்து, நிழலில் போய் நின்றேன். அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். அந்தப் பக்கம் முழுக்க இருந்த ஒரே நிழல், தொட்டியின் நிழல்தான். அது விழுவது கதவுக்குப் போகும் வழியில். தலைக்குமேல் தேனடை இருந்த கறை.

கூட்டம் ஏன் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது என்று எந்தக் கமிட்டியும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. ஒரு குடம் தண்ணீரும் கொஞ்சம் நிழலும் வேறு இடத்தில் கொடுத்திருந்தால், தேனடைக்கு அடியில் அத்தனை பேர் நின்றிருக்க மாட்டார்கள். பாதுகாப்பு என் வேலை, வசதி அவரவர் பாடு என்று இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்திருந்தவன் நான்.

"காலைலேர்ந்து தண்ணி குடிக்காமத்தான் சார் வருவோம், இங்க ஆட்டம்னா" என்றார் சரோஜம்மா, அங்கிருந்தே. "பொம்பளைங்க எல்லாரும். குடிச்சிட்டு எங்க போறது?"

கமிட்டியோடு சண்டை போட்டேன். பொன்னாடை போர்த்தியவனை உடனே விரட்ட முடியாது என்பதால் கேட்டார்கள். கதவுகள் இரண்டாயின, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி, ஆட்டம் நடக்கும்போது பூட்டே கிடையாது. கிழக்கிலும் குழாய், படிகளுக்குமேல் நிழல்வலை, இரண்டு ஒலிபெருக்கி. படிகளுக்குப் பின்னால் பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறை. ஒவ்வொரு வேலையையும் பக்கத்தில் நின்று நானே சொல்லிச் செய்ய வைத்தேன்.

அடுத்த கோடையில் பொதட்டூர்பேட்டை மறுபடியும் வந்தது. கதவருகே கும்பிட்டு வரவேற்றேன். பெரியவர் கைத்தடியோடு வந்து நிழலில் உட்கார்ந்தார். குழாயைத் திறந்து காட்டினேன். சரோஜம்மா இரண்டு கை தண்ணீர் குடித்தார். பிறகு கழிப்பறைப் பக்கம் போனார். பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

அவர் உள்ளே போகவில்லை. கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள தாப்பா நல்லா இருக்குது சார்" என்றார். "வெளிய ஒண்ணு போட்டுக்கிறீங்களே, பூட்டு மாட்டற மாதிரி. அது எதுக்கு?"

பார்த்தேன். கதவின் வெளிப்பக்கம் கனமான கொண்டி, பூட்டுக்கு வளையத்தோடு. அடுத்த கதவிலும். அதற்கடுத்ததிலும். தச்சர் கேட்டபோது போடச் சொன்னவன் நான்தான். எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன், எதற்கும் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு என்று ஒரு கதவு செய்யச் சொன்னால், என் வாயிலிருந்து அது தானாகவே வந்திருக்கிறது.

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனார். நான் அலுவலகத்துக்குப் போய்த் திருப்புளி எடுத்துக்கொண்டு வந்தேன். ஆட்டம் தொடங்கிவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வரும்வரை திரும்பி நின்று, பிறகு ஒவ்வொரு கதவின் கொண்டியாகக் கழற்றினேன். கடைசிக் கதவில் ஒரு திருகு வரமாட்டேன் என்றது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தலைக்குமேல் கிழக்கு கேலரி முழுவதும் எழுந்து கூவியது. எங்களுக்கு எதிராக விழுந்த கோல்தான், சந்தேகமில்லை. நான் திருகைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருந்தது.